ஒரு ராத்திரி ஊறட்டும்

அன்புள்ள மாயாபந்தர் தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்றரைப் பக்கம் உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா விட்டுப்போன டுங்கிப் படகு, அவர் ஆசையாக வாங்கிய அவுட்போர்டு என்ஜின். தண்ணீர் பம்பின் இம்பெல்லர் தேய்ந்துபோனதால் கியர் ஹவுசிங்கை இறக்கப் பார்த்தீர்கள். ஐந்து போல்ட்டில் நாலு வந்தது, ஐந்தாவதன் தலை ஸ்பேனரோடு கையில் வந்துவிட்டது. "அப்பா இருந்திருந்தால் என்னைத் தொடவே விட்டிருக்க மாட்டார்" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு உங்களுக்குத் தனியாக நாலு வரி எழுதி முடித்துவிட மனம் வரவில்லை. நம் அந்தமானில் திக்லிப்பூரிலும் ரங்கத்திலும் ஹட் பேயிலும் யாரோ ஒருவர் இன்றைக்கும் இப்படித் தலை இல்லாத போல்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட முக்கியக் கேள்வி: எந்த ஸ்பிரே வாங்கினால் இப்படி நடக்காது? பிளேயரில் (போர்ட் பிளேயரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, ஆனாலும் வாய்க்குப் பிளேயர்தான் வருகிறது) முப்பது வருஷத்துக்கு மேல் பட்டறை நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எந்த எண்ணெய் என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை ராத்திரி ஊறவைத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் காலை ஒன்பது மணிக்கு அடித்துவிட்டு ஒன்பதேகாலுக்கு ஸ்பேனர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உளுந்தைக்கூட நாம் அப்படி ஆட்ட மாட்டோமே, தம்பி.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். இரும்பு துருவானால் அது பழைய இடத்துக்குள் அடங்காது. இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருப்பது தலைமுடி நுழையும் சந்துதான். அந்தச் சந்தில் துரு வளர்ந்து, போக வழியில்லாமல் இறுகி, கல் மாதிரி ஆகிவிடுகிறது. நாம் ஸ்பேனரில் தொங்குவது போல்ட்டோடு மல்லுக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு. உண்மையில் அந்தத் துரு ஆப்போடுதான் மல்லுக்கட்டுகிறோம்.

உங்கள் என்ஜினில் நடந்தது அதற்கு அண்ணன் வேலை. முறிந்த துண்டைச் சுற்றிச் சிவப்பாக எதுவும் இல்லை, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடிதான் இருந்தது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல கண். போல்ட் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), உடம்பு அலுமினியம். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது பேட்டரிதான். அலுமினியம் கரைந்து கரைந்து வெள்ளைப் பொடியாகி எஸ்.எஸ். மரையைக் கவ்விக்கொள்ளும். எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்று நம்பி நாம் ஏமாறும் இடம் இதுதான். அது தான் கெடாமல் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும்.

இது புதிய சங்கதி இல்லை. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் மர அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. கப்பல் புழு மரத்தை அரிக்காமல் இருக்கத்தான். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியதும் 1763-ல் சோதித்தார்கள். செம்பு நன்றாக இருந்தது. அதை அறைந்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஏன் என்று பார்த்தால், தகட்டோடு வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே இருந்திருக்கிறது. ஒரு காகிதம், தம்பி! மரையில் நாம் தடவும் கிரீஸும் அந்தக் காகிதத்தின் வேலையைத்தான் செய்கிறது. 1824-ல் ஹம்ப்ரி டேவி அதே செம்பைக் காக்க, துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்து அதைக் கரையவிடலாம் என்று சொன்னார். உங்கள் கியர் ஹவுசிங்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி திருகியிருக்கும், அது அந்த யோசனையின் வாரிசு. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அது கரைகிறதே என்று வருத்தப்பட்டு மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரைவதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

நம்முடைய ஊருக்கு வருகிறேன். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதுவும் மே மாதம் தொடங்கினால் கார்த்திகை வரை விடாது. மழை இல்லாத நாளில் காற்றே ஈரம். உப்பு ஒரு தடவை மரையில் உட்கார்ந்துவிட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், அதனால் வெயில் நாளிலும் உள்ளே காய்வதில்லை. டிரங்க் ரோட்டில் ஓடும் பஸ்ஸைக் குனிந்து பாருங்கள். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஸ்பிரிங் பட்டையின் யு-போல்ட்டெல்லாம் செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னையில் ஒரு ஸ்டட் முறிந்தால் மெக்கானிக் டீ குடித்துவிட்டுப் புதுப்பேட்டைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்துவிடுவான். நமக்கும் புதுப்பேட்டைக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல். கப்பல் ஓடினால் மூன்று நாள், புயல் சின்னம் என்றால் அதுவும் கிடையாது. அவசரப்படுவதற்கு நம்மால் கட்டுப்படியாகாது. நான் இதைப் பாடமாகப் படிக்கவில்லை, ஒரு ஐஸ் பேக்டரியில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஜெனரேட்டரின் சைலன்சர் பக்கத்து ஸ்டட் நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், பத்து நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை, ஸ்பேனரில் நாலடிப் பைப்பைச் செருகி ஏறி நின்றேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி ஒரு உணர்வு வந்தது. இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த மெதுமெதுப்பு இளகுவதன் அடையாளம் இல்லை, இரும்பு முறுக்கிக்கொண்டு போவதன் அடையாளம். அடுத்த நொடி முறிந்தது. அதை உள்ளேயிருந்து எடுக்கப் போய் ஹெட்டையும் கெடுத்தேன். மாற்று ஹெட் கப்பலில் வந்து சேர பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் ஜங்லிகாட்டில் மீன் கொண்டுவந்தவர்களுக்கு அங்கே ஐஸ் கிடைக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் இரண்டு கூடைச் சூரையைக் கரையில் குழிதோண்டிப் புதைத்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒரு கிழவரிடம் போய்ச் சேர்ந்தேன். சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மிஸ்திரி. 1883-ல் ஆரம்பித்த ஆலை அது, 1942-ல் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலீஷ் மெஷின்களில் போல்ட்டெல்லாம் விட்வொர்த் மரை, இஞ்சுக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும், அந்தக் கிட்டத்தட்டதான் தலையை உருட்டிவிடும். கிழவர் ஸ்பேனரைப் போடுவதற்கு முன் தலையைத் துணியால் துடைத்து விரலால் ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்ப்பார். பாக்ஸ் ஸ்பேனர் என்றால் ஆறு முனை உள்ளதுதான் எடுப்பார், பன்னிரண்டு முனையைத் தொட மாட்டார். நான் கையை நீட்டினால் "ஆராம் சே, பேட்டா" (நிதானமாக, மகனே) என்பார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அப்போது இந்தி அரைகுறை. அந்த இரண்டு சொல்லிலேயே முக்கால்வாசித் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அவர் செய்வதை அப்படியே சொல்கிறேன். முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மரை தெரியும்வரை பொருக்கைக் கொட்டுவார். அழுக்கின் மேல் ஊற்றும் எண்ணெயை அழுக்குத்தான் குடிக்கும். பிறகு சின்னச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராகத் தட்டுவார், ஓங்கி அல்ல, கதவைத் தட்டுகிற மாதிரி இருபது முப்பது தட்டு. கல்லாகிப்போன துரு அதில் விரிசல் விடும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும். பிறகு சொட்டுச் சொட்டாக எண்ணெய். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப் போகும்முன் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர், அதுவும் கழற்றும் பக்கம் இல்லை, இறுக்கும் பக்கம், ஒரு மயிரிழை. அந்தப் பக்கம் அசைந்தால் பிடி விட்டது என்று அர்த்தம். அப்புறம் கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே அரைக்கால் சுற்று, எண்ணெய், மறுபடி வெளியே.

கவனித்துப் பார்த்தால் அந்த நேரம் அழகாக இருக்கும். முதலில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், காதைவிட உள்ளங்கைக்குத்தான் நன்றாகக் கேட்கும். பிறகு மரையின் ஓரத்தில் காப்பிக் கஷாய நிறத்தில் ஒரு துளி கசியும். எண்ணெய் உள்ளே போய்த் துருத்தூளைச் சுமந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விட வேண்டும். கசிவு வெளுத்துக்கொண்டே வரும், சுத்தமான எண்ணெயாக வரும்போது விரலாலேயே கழற்றலாம். சுத்தியலின் சத்தமும் மாறும். இறுகிய போல்ட் கணீரென்று உடம்போடு சேர்ந்து ஒலிக்கும், விட்டுக்கொடுத்தது மொத்தென்று தனியாக ஒலிக்கும். மிருதங்கக்காரர் மிருதங்கத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி கிழவர் காதைச் சாய்த்துக் கேட்பார்.

சரி, எண்ணெய். நீங்கள் வாங்கியது டபிள்யூடி-40. நல்ல சரக்குதான், ஆனால் அது பிறந்த வேலை வேறு. 1953-ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன கம்பெனி, உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்ட ஒரு திரவம் செய்யப் பார்த்து நாற்பதாவது முயற்சியில் ஜெயித்தது. அட்லஸ் ராக்கெட்டின் மேல்தோல் துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். மழையில் நனைந்த பிளக், வயர், சுவிட்ச் இவற்றுக்கு அது வரப்பிரசாதம். பிடித்துக்கொண்ட மரைக்கு என்றே அந்தக் கம்பெனியும் தனியாக ஒரு திரவம் விற்கிறது, மற்றவர்களும் விற்கிறார்கள். கடையில் டப்பாவைத் திருப்பி, எதற்காகச் செய்தது என்று படித்து வாங்குங்கள்.

இந்த வகை எண்ணெயெல்லாம் வேலை செய்வது ஒரே முறையில்தான். மெல்லிய கரைப்பான் ஒன்று, அதில் கலந்த கொஞ்சம் கனமான எண்ணெய். தண்ணீர் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு முத்தாக நிற்கும். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு பாதிகூடக் கிடையாது, அதனால் பரவிக்கொண்டு சந்துக்குள் ஏறிவிடும், விளக்குத் திரியில் ஏறுகிற மாதிரி. உள்ளே போனதும் கரைப்பான் ஆவியாகிவிடும், வழுவழுப்பு மட்டும் தங்கும். இந்த ரகசியம் தெரிந்துவிட்டால் டப்பா கிடைக்காத தீவில் இருந்தாலும் கவலையில்லை. மண்ணெண்ணெயோ டீசலோ மூன்று பங்கு, என்ஜின் ஆயில் ஒரு பங்கு, நம் பட்டறைகளில் தலைமுறையாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலப்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் மெச்சுகிற கலவை. ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் ரப்பர் சீலையும் பெயிண்டையும் தின்னும், சட்டென்று தீப்பிடிக்கும். உங்கள் வேலைக்கு அது வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் என்பது தெரியும், ஆனால் அது கனம், மரைக்குள் இறங்காது. நல்லெண்ணெய் இன்னும் மோசம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். பூட்டுக்கு நல்லெண்ணெய் விட்டு, அடுத்த வருஷம் பூட்டை உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எண்ணெய்க்கு மசியாததற்குச் சூடு இருக்கிறது. நட்டைச் சுட வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால் துருவின் பிடி உடையும். சூட்டோடு ஒரு மெழுகுவத்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், சில நேரம் எந்த எண்ணெயும் செய்யாததை அது செய்யும். ஆனால் ஸ்பிரே அடித்த இடத்தில் தீயைக் காட்டாதீர்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் காட்டவே காட்டாதீர்கள். கால்வனைஸ் செய்த போல்ட்டைச் சுட்டால் வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். அலுமினியத்தில் கேஸ் வெல்டிங் தீயைப் பிடிப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. இரும்பு மாதிரி அது சிவந்து காட்டி எச்சரிக்காது. 660 டிகிரியில் சத்தமில்லாமல் குழம்பாகிக் கீழே விழும்.

இப்போது உங்கள் போல்ட். ஒரு நல்ல செய்தியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவலையில் அதைக் கவனிக்கவில்லை. ஹவுசிங் இறங்கிவிட்டது, முறிந்த துண்டு ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிடிக்க இடம் இருக்கிறது என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. என்ஜின் படகில் நிற்கிறபடி இருந்தால் அந்த ஓட்டை கீழே பார்த்திருக்கும், நீங்கள் அடித்த எண்ணெயெல்லாம் மணலில்தான் சொட்டியிருக்கும். என்ஜினைக் கழற்றி இறக்கிப் படுக்க வையுங்கள் (நாலு ஸ்ட்ரோக் என்றால் எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்), துண்டு மேலே சாய்ந்து பார்க்கும்படி முட்டுக்கொடுங்கள். அதைச் சுற்றி மெழுகாலோ மாவாலோ ஒரு சின்னப் பாத்தி கட்டி அதில் எண்ணெய் நிற்கட்டும். மூன்று ராத்திரி. நடுநடுவே துண்டின் நுனியில் தட்டுங்கள். நாலாம் நாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் அலுமினியத்தைச் சுற்றிலும் சூடு பண்ணுங்கள். தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று பொரியும் அளவு போதும். அலுமினியம் போல்ட்டைவிட அதிகமாக விரியும், பிடி தளரும். வைஸ் கிரிப்பால் இறுகப் பிடித்து, உள்ளே ஒரு மயிரிழை, வெளியே ஒரு மயிரிழை.

வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். 8 எம்.எம். போல்ட்டை முறிக்க ஓரடி ஸ்பேனரும் ஒரு கையும் போதும். துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து நடு ஓட்டையில் வெல்டிங் அடிக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தில் அந்த வெல்டிங் ஒட்டாது, துண்டில்தான் ஒட்டும். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும், மேலே ஸ்பேனர் போட ஒரு தலையும் கிடைக்கும். துளை போட்டு எடுப்பது கடைசி வழி. எஸ்.எஸ். கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மெத்து, பிட் வழுக்கி மெத்துப் பக்கம்தான் ஓடும். நடுவில் ஆழமாகப் பஞ்ச் அடித்து, கோபால்ட் பிட், மெதுவான சுற்று, விடாத அழுத்தம், எண்ணெய். வேகமாகச் சுற்றினால் எஸ்.எஸ். இன்னும் கெட்டிப்படும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக நினைக்க வேண்டாம். மற்ற நாலு போல்ட்டும் சுலபமாக வந்தது, அவற்றின் மரையில் பழைய கிரீஸ் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடவியது உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். அவர் பார்க்கவே முடியாத ஒரு நாளில், அவர் மகன் கழற்றும்போது சுலபமாக வரட்டும் என்று செய்த காரியம் அது. ஐந்தாவதில் கிரீஸ் எப்படியோ கழுவிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்களும் திருப்பிப் பூட்டும்போது அதையே செய்யுங்கள். மரையைப் பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கடலுக்கென்று விற்கும் தண்ணீர் கரைக்காத கிரீஸைத் தடவுங்கள். செம்பு கலந்த கிரீஸ் சைலன்சருக்கு நல்லது, அலுமினியத்தில் உப்புத் தண்ணீரோடு வேண்டாம், அலார்ம் கப்பல் கதைதான் திரும்பும். கிரீஸ் போட்ட மரை வழுக்கும், அதனால் வழக்கமாக இறுக்குவதைவிடக் கொஞ்சம் குறைத்து இறுக்குங்கள். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், கெடாவிட்டாலும் ஐந்தையும் கழற்றிப் பூட்டுங்கள். கடலுக்குப் போய் வந்ததும் என்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு என் பட்டறை வாசலில் கடல் தண்ணீர் குடித்த பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் வரிசையாகக் கிடந்தன. அந்த வாரமே நல்ல தண்ணீரில் அலசி டீசல் ஊற்றிவைத்தவை பிறகு ஓடின. காப்பாற்றுவதாக நினைத்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவை ஒரு மாதத்தில் ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டன.

இந்தக் கடிதம் அச்சாகும் முன்பே மாயாபந்தர் பஸ்ஸில் உங்களுக்கு ஒரு பொட்டலம் வந்து சேர்ந்திருக்கும். அதில் இரண்டு கோபால்ட் பிட், ஒரு வைஸ் கிரிப், ஒரு சின்ன டப்பா கிரீஸ் இருக்கிறது. வைஸ் கிரிப்பின் கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும், அவிழ்க்காதீர்கள். அது கிழவர் சுற்றியது. பிட்டையும் கிரீஸையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வைஸ் கிரிப்பை மட்டும் வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புங்கள். கூடவே, வெளியே வந்த அந்தத் துண்டையும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பிளேயர் அண்ணன்